பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த எண்

எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது 1994இல். கூடத்தில் ஒரு முக்காலியின் மேல் அதை வைத்து, பின்னல் துணி போட்டு மூடினார்கள். மேலே சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் அட்டையில் அம்மா எண்களை எழுதத் தொடங்கினார். கேஸ் ஏஜென்சி, பெரிய மாமா வீடு, சித்தப்பா வேலை பார்த்த மில், டாக்டர், அரிசிக் கடை. வருடம் முடிந்து காலண்டர் மாறும்போது பழைய அட்டையைத் தூக்கிப் போடாமல் புது அட்டைக்குப் பின்னால் செருகி வைப்பார். எந்த வருடத்து அட்டையிலும் 100 இருந்ததில்லை. தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் 100, 101, 102 என்று எங்களை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள்.

எதிர் வீட்டில் ஓர் அக்கா இருந்தார். மாதத்தில் இரண்டு மூன்று இரவாவது அந்த வீட்டிலிருந்து சத்தம் வரும். தெருவே கேட்கும். கேட்டுவிட்டுத் தெருவே விளக்கை அணைக்கும். ஒருமுறை நான் எழுந்துபோய் போனின் துணியை விலக்கினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "போலீஸ் வரும், வந்துட்டுப் போயிடும். அப்புறம் அவ அந்த வீட்லதானேடி இருக்கணும்?"

அவசர எண்களின் வரலாற்றை நான் படிக்கத் தொடங்கியது இதற்காக அல்ல. தொலைபேசி இணைப்பகங்களில் வேலை செய்த பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதற்காகத் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் படிக்கப் படிக்க அம்மா பிடித்த அந்தக் கைதான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

உலகின் முதல் பொது அவசர எண் லண்டனின் 999. அது ஐந்து பெண்களின் சாவிலிருந்து பிறந்தது. 1935 நவம்பர் 10 அன்று லண்டன் விம்போல் தெருவில் மருத்துவர் ஒருவரின் வீடு தீப்பற்றியது. தீயைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தொலைபேசியை எடுத்து இணைப்பகத்தை அழைத்தார். அந்தக் காலத்தில் எந்த உதவி தேவையென்றாலும் 0 சுழற்றி ஆபரேட்டரைத்தான் கூப்பிட வேண்டும். எல்லா அழைப்புக்கும் ஒரே மாதிரி விளக்குதான் பலகையில் எரியும். வெளியூரில் இருக்கும் அத்தையிடம் பேச வேண்டியவரும் எதிர் வீடு எரிவதைப் பார்த்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். வெல்பெக் இணைப்பகத்தின் அந்த வரிசையில் அவரும் காத்திருந்தார். வீட்டுக்குள் ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். அவர் கோபத்தோடு டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அதைத் தொடர்ந்து அரசு ஒரு குழு அமைத்தது. அழைப்பவர் யாரென்று எடுப்பதற்கு முன்பே ஆபரேட்டருக்குத் தெரிய ஒரு வழி வேண்டும் என்பதுதான் குழுவின் முன்னால் இருந்த கேள்வி.

எந்த எண் என்று தேர்ந்தெடுத்த கதை சுவாரசியமானது. சுழற்று வட்டு வைத்த தொலைபேசியை இன்றைய மாணவிகள் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். பத்துத் துளைகள், விரலை நுழைத்துத் தடுப்பு வரை சுழற்றி விட்டால், வட்டு திரும்பி வரும்போது எத்தனை எண்ணோ அத்தனை முறை கம்பியில் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிக்கும். 1 என்றால் ஒரே துடிப்பு. காற்றில் கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலே ஒரு துடிப்பு உண்டாகிவிடும் என்பதால் 111 கூடாது என்றார்கள்; இல்லையென்றால் மரக்கிளை தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடும். 222 ஏற்கெனவே லண்டனின் ஆபி இணைப்பகத்துக்குப் போய்விட்டது. 000 என்றால் முதல் பூஜ்யத்திலேயே ஆபரேட்டருக்குப் போய்விடும். மிஞ்சியது 9. பொதுத் தொலைபேசிப் பெட்டியில் காசு போடாமல் 0 சுழற்ற முடியும். பக்கத்துத் துளையான 9க்கும் அந்த வசதியைக் கொடுப்பது எளிது. அதைவிட முக்கியமான ஒன்று: புகையிலோ இருட்டிலோ கண் தெரியாவிட்டாலும் விரலால் தடவித் தடுப்பைக் கண்டுபிடித்துவிட்டால், அதை ஒட்டி 0, அதற்கடுத்து 9. (நியூசிலாந்தின் வட்டில் எண்கள் தலைகீழாக இருந்ததால் அங்கே 1958இல் 111 வைத்தார்கள். அவர்கள் ஊர் 1, துடிப்புக் கணக்கில் லண்டனின் 9தான்.)

இருட்டில் தடவும் ஒரு விரலை மனதில் வைத்து எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. அரசாங்கக் குழுவின் முடிவில் ஒரு கவிதைக்குரிய கவனம் இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

1937 ஜூன் 30 அன்று ஆக்ஸ்போர்டு சர்க்கஸைச் சுற்றிப் பன்னிரண்டு மைல் தூரத்துக்கு 999 நடைமுறைக்கு வந்தது. இணைப்பகத்தில் சிவப்பு விளக்கு எரியும், கூடவே ஓர் ஒலிப்பான் அலறும். அது அலறிய அலறலில் அங்கிருந்த பெண்கள் அதன் வாயில் ஒரு டென்னிஸ் பந்தைத் திணித்து வைத்தார்கள் என்று சொல்வார்கள். முதல் வாரத்தில் 1,336 அழைப்புகள் வந்தன. 91 பேர் சும்மா விளையாட்டுக்கு அழைத்திருந்தார்கள். எண் அறிமுகமான சில நாட்களிலேயே, ஜூலை 8 அதிகாலையில், ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் ஒரு திருடன் பிடிபட்டான். 999ஆல் கைதான முதல் ஆள் அவன். அழைத்தது ஒரு பெண். திருடனின் பெயரும் வயதும் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பெண்ணின் கணவரின் முழுப்பெயரும் தொழிலும் கூடக் கிடைக்கின்றன. அவரோ அக்கதையில் இன்னாரின் மனைவி என்ற அளவில்தான் வருகிறார்.

அந்த டென்னிஸ் பந்துப் பெண்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டன் நகரில் எம்மா நட் முதல் பெண் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு முன் அந்த வேலையைச் செய்த பையன்கள் வாடிக்கையாளர்களிடம் முரட்டுத்தனமாகப் பேசினார்கள். பெண் குரல் இதமானது, பெண்ணின் சம்பளமும் குறைவு. பிரிட்டனில் இணைப்பகங்கள் அஞ்சல் துறையின் கீழ் இருந்தன. அங்கே பகலில் பெண்கள், இரவில் ஆண்கள். திருமணம் ஆனால் பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது விதி. அரசுப் பணியில் அந்தத் தடை 1946இல்தான் நீங்கியது. ஆக, 1937இல் பகல் வேளையில் ஒரு மனைவி அலறி 999க்கு அழைத்திருந்தால், எதிர்முனையில் கேட்டவர் சட்டப்படி மணமாகாத ஒரு பெண். கல்யாணம் என்றால் என்ன என்பதை வேலை நேரம் முழுக்கக் காதுவழியாகவே கேட்டிருப்பார்.

உதவி கேட்பவருக்கும் உதவி செய்ய வேண்டிய அதிகாரத்துக்கும் நடுவில் ஒருவர் இருப்பது நமக்குப் புதிதில்லை. மனுநீதிச் சோழன் வாசலில் ஆராய்ச்சி மணி தொங்கியது. அதை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், நடுவில் ஆள் இல்லை. கதையில் அதை இழுத்தது ஒரு பசு. மதுரையில் கண்ணகிக்கு அப்படி ஒரு மணி கிடைக்கவில்லை. அவளுக்கு வாயில்காவலன்தான் கிடைத்தான். அவன் உள்ளே ஓடி, வந்திருப்பவள் எப்படியிருக்கிறாள் என்பதைத் தெய்வங்களோடு ஒப்பிட்டுத் தன் சொற்களில் வருணித்த பிறகுதான் பாண்டியன் அவளைப் பார்க்கிறான். வகுப்பில் வழக்குரை காதை நடத்தும்போதெல்லாம் நான் அந்த இடத்தில் நின்றுவிடுவேன். அவளுடைய வழக்கு அவள் வாயால் பேசப்படும் முன்னே வேறொருவன் வாயால் ஒருமுறை பேசப்பட்டுவிடுகிறது.

இனி, எது அவசரம் என்ற கேள்வி. 999 வந்த நாட்களில் லண்டனின் ஈவினிங் நியூஸ் நாளிதழ் தன் வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. எப்போது 999 சுழற்ற வேண்டும்? உங்கள் பக்கத்து வீட்டு ஆள் தன் மனைவியைக் கொலை செய்துகொண்டிருந்தால் சுழற்றுங்கள். முகமூடி போட்ட திருடன் வங்கிக் கட்டடத்துக் குழாய்க்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தால் சுழற்றுங்கள். நாய்க்குட்டி காணாமல் போனாலோ, லாரி ஒன்று உங்கள் தோட்டத்தில் ஏறி நின்றுவிட்டாலோ, அதற்கெல்லாம் 999 வேண்டாம். உள்ளூர்க் காவல் நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

அவசரத்தையும் அவசரமில்லாததையும் பொதுமக்களுக்காகப் பிரித்துக் காட்டிய ஆரம்பகால எழுத்துகளில் இது ஒன்று. நகைச்சுவையாக எழுதப்பட்டதுதான். ஆனாலும் எடுத்துக்காட்டுக்கு முதலில் வந்து விழுந்தது எதுவென்று பாருங்கள். மனைவியைக் கொல்லும் கணவன். எல்லோருக்கும் சட்டென்று விளங்கும் உதாரணம் என்று எழுதியவருக்குத் தோன்றியிருக்கிறது. அடுத்தது, அந்த எண் யாருக்குக் கொடுக்கப்படுகிறது? மனைவிக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்கு. வாசகர் என்பவர் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவர். அந்தப் பக்கம் இருப்பவள் நாளிதழ் படிப்பாள், அவளும் ஒரு எண்ணைச் சுழற்றக்கூடும் என்ற நினைப்பே இல்லை. மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. கொலை ஒரு கரையில், நாய்க்குட்டி மறு கரையில். நடுவில் இருப்பதெல்லாம் எங்கே? கன்னத்தில் அறைவது, தலைமயிரைப் பிடித்து இழுப்பது, கதவைப் பூட்டி வைப்பது, நாளைக்கு உன்னைத் தீர்த்துவிடுகிறேன் என்பது. எதிர் வீட்டு அக்காவின் இரவுகள் எல்லாம் அந்த நடுவில்தான் இருந்தன. பிரிட்டனில் குடும்ப வன்முறைக்கென்று தனிச் சட்டம் 1976இல்தான் வந்தது. இந்தியாவில் 2005இல்.

அமெரிக்காவின் 911 கதையிலும் ஒரு பெண்ணின் சாவு இருக்கிறது. 1964 மார்ச் 13 அதிகாலை, நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், வேலை முடித்து வீடு திரும்பிய கிட்டி ஜெனோவீஸ் தன் குடியிருப்பின் அருகிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். முப்பத்தெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் போலீஸைக் கூப்பிடவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. உளவியல் பாடநூல்கள் அதை அரை நூற்றாண்டு திருப்பிச் சொல்லின. அந்தக் கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னால் தெரிந்தது. பலர் எதையும் பார்க்கவே இல்லை. காதலர்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்தோம் என்றவர்கள் உண்டு. அந்தக் கதையில் விடுபட்டுப்போன ஒருவரும் உண்டு: அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி, கொலைகாரன் இன்னும் அங்கேதான் இருக்கிறானா என்பது கூடத் தெரியாமல் ஓடிப்போய், கிட்டியைத் தன் கைகளில் தாங்கிக்கொண்டார். யாருமே வரவில்லை என்ற கதைக்கு இடைஞ்சல் என்பதாலோ என்னவோ, அவர் அந்தச் செய்தியில் இல்லை.

அப்போது நியூயார்க்கில் போலீஸைக் கூப்பிட ஒரே எண் என்று எதுவும் இல்லை. 1967இல் அதிபர் அமைத்த ஆணையம் நாடு முழுவதற்கும் ஒரே எண் வேண்டும் என்றது. தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி 911ஐத் தேர்ந்தெடுத்தது. சுருக்கம், நினைவில் நிற்கும், வேறெந்த ஊர்க்குறியீடாகவும் பயன்பட்டதில்லை. 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூரில் முதல் 911 மணி அடித்தது. காதலர் சண்டை என்று நினைத்தவர்களின் கையில் 911 இருந்திருந்தால் அழைத்திருப்பார்களா என்பது வேறு கேள்வி. நம் அகப்பாடல்களில் ஊர்ப் பெண்டிர் தலைவியைப் பற்றி மறுகில் நின்று அலர் தூற்றுவார்கள். ஊருக்குக் காது உண்டு, வாயும் உண்டு. இரண்டும் அவளுக்கு உதவியதாகப் பாட்டு இல்லை.

எண் பரவலாகிவிட்டால் அடுத்த புகார் ஒன்று வரும்: ரொம்பப் பேர் அழைக்கிறார்கள். அதற்காகப் பிறந்தவைதான் அவசரமில்லாத எண்கள். 1996இல் பால்டிமோர் நகரம் 311ஐக் கொண்டுவந்தது. பிரிட்டனில் 101 வந்தது. 999 இலவசம், 101க்குப் பல ஆண்டுகள் ஓர் அழைப்புக்கு 15 பென்ஸ் கட்டணம், 2020 ஏப்ரலில்தான் அதுவும் இலவசமானது. தெருவிளக்கு எரியவில்லை, சைக்கிள் திருடுபோனது என்பவர்களுக்கு இந்தப் பிரிவு வசதிதான். அடிபடும் பெண்ணுக்கு இது ஒரு தேர்வு. என் அடி மூன்று இலக்கத்தில் எந்த மூன்று இலக்கத்துக்கு உரியது? தவறான எண்ணை அழைத்தால் திட்டுவார்களோ? அவன் இப்போது தூங்கிவிட்டான், அப்படியானால் இது அவசரம் இல்லையோ?

சில ஊர்களில் அழைத்ததற்கே தண்டனை உண்டு. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஒரு வீட்டிலிருந்து அடிக்கடி 911 அழைப்பு வந்தால் அதைத் தொல்லை தரும் வீடு என்று அறிவித்து, வீட்டு உரிமையாளருக்கு அறிக்கை அனுப்பும் விதிகள் வந்தன. மில்வாக்கி நகரில் அத்தகைய அறிக்கைகளை ஆராய்ந்து மேத்யூ டெஸ்மண்ட், நிக்கோல் வால்டெஸ் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவற்றில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று குடும்ப வன்முறை தொடர்பான அழைப்புகளால் வந்தது. உரிமையாளர்கள் என்ன செய்வார்கள்? காலி செய் என்பார்கள். பென்சில்வேனியாவின் நாரிஸ்டவுனில் 2012இல் கழுத்தில் குத்துப்பட்ட ஒரு பெண், வீடு போய்விடும் என்று பயந்து, 911ஐ அழைக்க வேண்டாம் என்று பக்கத்து வீட்டாரிடம் கெஞ்சினார். அவர்கள் அழைத்தார்கள். அவர் உயிர் பிழைத்தார், வீட்டைக் காலி செய்ய வைக்கும் நடவடிக்கையும் தொடங்கியது. அவர் வழக்குப் போட்டு, 2014இல் நகரம் அந்த விதியைக் கைவிட்டது.

நாரிஸ்டவுனைப் பற்றிப் படித்த அன்று அம்மாவிடம் போனில் பேசினேன். அவர் 1994இல் சொன்னது அவருக்கு நினைவில்லை.

இனி நம் பக்கம். 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்துக் கொடுமைக்குப் பிறகு பெண்களுக்கென்று உடனே ஒரு எண் வேண்டும் என்று டெல்லி அரசு கேட்டது. முதலில் ஒதுக்கப்பட்டது 167. நினைவில் நிற்காது என்று சொல்லி அதை 181 ஆக்கினார்கள். வருடக் கடைசி நாளில் 181 இயங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 181 வந்தது 2018 டிசம்பரில். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணாக 112 என்பது நிர்பயா நிதியில் வளர்ந்த திட்டம். 2019 பிப்ரவரியில் தமிழ்நாடும் அதில் சேர்ந்தது. இதற்கிடையே 100, 1091, 1098, 108. சுவரொட்டிகளில் இந்த எண்கள் கல்லூரிக் கழிப்பறைக் கதவு வரை வந்துவிட்டன. எதை எப்போது அழைப்பது என்று என் மாணவிகளைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். 108 பற்றி மட்டும் குழப்பமே இல்லை. 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்ததிலிருந்து கிராமங்களில் ஆம்புலன்ஸுக்கே பெயர் நூத்தியெட்டு. பிரசவ வலி என்றால் மாமியாரே போன் போடுவார். பெண்ணின் உடம்பு குழந்தை பெறும்போது அது அவசரம், யாரும் மறுப்பதில்லை. அதே உடம்பு அடிபடும்போது அது குடும்பத் தகராறு. காவல் நிலையத்தில் மனு ரசீது கொடுத்து, இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசி அனுப்புவார்கள். 1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தபோது இது மாறும் என்று நம்பினோம். மாறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். போதுமான அளவு மாறியது என்று சொல்லவும் என்னால் முடியவில்லை.

அவசரம் என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் அது ஆபத்தையும் குறிக்கும், பதற்றத்தையும் குறிக்கும். "உனக்கு அப்படி என்ன அவசரம்?" என்று ஒரு பெண்ணைக் கேட்டால் அவள் மேல்தான் குற்றம். தெலுங்கில் இதே சொல்லுக்குத் தேவை என்று பொருள்.

2019 நவம்பர் 27 இரவு ஹைதராபாத் அருகே ஓர் இளம் கால்நடை மருத்துவர், வண்டியின் டயர் காற்றுப் போய், சுங்கச்சாவடிப் பக்கம் தனியாக நின்றார். பயமாக இருக்கிறது என்று தங்கைக்கு போன் செய்தார். பிறகு அவரைக் கொன்றுவிட்டார்கள். படித்த பெண்தானே, தங்கைக்குப் பதிலாக 100க்கு அழைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்றார் அம்மாநிலத்தின் உள்துறை அமைச்சர். அந்தத் தங்கையும் குடும்பமும் அன்றிரவே காவல் நிலையத்துக்குப் போனார்கள். இது எங்கள் எல்லை இல்லை என்று அலைக்கழித்தார்கள் என்பது குடும்பத்தின் புகார். வழக்குப் பதியத் தாமதம் செய்ததாக மூன்று காவலர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த வாரம் வகுப்பில் மாணவிகளைக் கேட்டேன்: நீங்கள் யாரை அழைத்திருப்பீர்கள்? அம்மா, அக்கா, தோழி, விடுதி அறைத்தோழி. ஒரு பெண் மட்டும் நூறு என்றாள். அவளுடைய அப்பா காவல்துறையில் இருக்கிறார்.

அமைச்சருக்குப் புரியாத ஒன்று அந்தப் பதில்களில் இருந்தது. சுங்கச்சாவடி வெளிச்சத்தில் நின்று, இன்னும் எதுவும் நடக்காதபோது, பயமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு 100ஐ அழைத்தால் என்ன கேட்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். "என்னம்மா ஆச்சு?" இன்னும் எதுவும் ஆகவில்லை என்பதுதானே அப்போதைக்குப் பதில். 1937இன் நடுப்பகுதி அது. கொலைக்கும் நாய்க்குட்டிக்கும் இடையில் இருப்பது. பிரிட்டனில் பேச முடியாத நிலையில் கைபேசியிலிருந்து 999ஐ அழைப்பவர்கள் 55 அழுத்தினால் காவல்துறைக்கு இணைப்புப் போகும் என்ற ஏற்பாடு இருக்கிறது. பல ஆண்டுகள் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. வெறுமனே அழைத்து மௌனமாக இருந்தால் போதும், தேடி வருவார்கள் என்று நம்பி உயிரை விட்ட ஒரு பெண்ணுக்குப் பிறகுதான் அதற்கு விளம்பரம் வந்தது.

இந்திய அரசு 2016இல் ஒரு விதி கொண்டுவந்தது. 2017 ஜனவரியிலிருந்து விற்கும் சாதாரண பட்டன் போன்களில் 5 அல்லது 9ஐ நீள அழுத்தினால் அவசர அழைப்புப் போக வேண்டும். பட்டன் போனில் 5இன் மேல் சிறிய புடைப்பு ஒன்று இருக்கும், இருட்டிலும் விரலுக்குத் தெரியும். 9ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எண்பது ஆண்டு கழித்து அதே விரல், அதே தடவல்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவின் போனில் இதைக் காட்டிக் கொடுக்க உட்கார்ந்தேன். எதிர் வீட்டு அக்காவும் வந்திருந்தார். அவர் கணவர் இறந்து பதினோரு வருடமாகிறது. அம்மாவுடைய போன் அந்த விதிக்கு முந்தையது. 5ஐ நீள அழுத்தினேன். கூடத்தில் என் கைப்பைக்குள்ளிருந்து மணி அடித்தது. எப்போதோ தம்பி அதில் என் எண்ணைப் போட்டு வைத்திருக்கிறான். "ரெண்டை அழுத்தினா எங்க வீடு" என்றார் அக்கா.